கொண்டாடாத வீட்டுக்கும் ஒரு தட்டு

மட்டக்களப்பில் டிசம்பர் வெள்ளத்தோடுதான் வரும். வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் வாவிக்கு மேற்கே படுவான்கரைக் குளங்கள் நிரம்பும், வான் பாயும், அந்தத் தண்ணீரெல்லாம் வாவியில் வந்து இறங்கும். முகத்துவாரத்தை இப்போதே வெட்டிவிடுவதா, இன்னும் இரண்டு நாள் பொறுப்பதா என்ற வழமையான இழுபறி கச்சேரியில் தொடங்கும். தண்ணீர் நின்றால் வேளாண்மை அழுகிப் போகும் என்பார்கள் கமக்காரர். வெட்டினால் வாவியில் இருக்கிற இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்பார்கள் தோணிக்காரர். பாடும் மீனைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள்கூட இந்த மாதத்தில் கல்லடிப் பாலத்துக்கு வருவதில்லை. கலங்கல் தண்ணீரும் காற்றும் மழையுமாக வாவி வேறு முகம் காட்டும் காலம் இது.

இதற்குள்தான் எல்லாம் வந்து குவிகின்றன. பிள்ளையார் பெருங்கதை, திருவெம்பாவை, நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் எல்லாமே ஏறத்தாழ ஆறு கிழமைக்குள் வந்து போய்விடும். பள்ளிக்கூடம் விடுமுறை. லண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். துணிக்கடை வாசலில் நிற்க இடமிருக்காது. பேக்கரியில் கேக்குக்கு முன்பதிவு முடிந்திருக்கும். தையற்காரர் தொலைபேசியை எடுக்கவே மாட்டார். வீட்டுப் பெண்களுக்கு மாவிடிக்கும் வேலை, வெள்ளையடிக்க ஆள் பிடிக்கும் வேலை, வந்திருக்கும் உறவுக்குச் சமைக்கும் வேலை. இதற்கிடையில் மழை வேறு எதையும் காயவிடாது.

இந்த நாட்களில் நிதானமாக இருப்பது எப்படி என்று வானொலியிலும் தொலைபேசித் திரையிலும் ஆலோசனைகள் வரும். மூச்சை ஆழ இழுங்கள், வேலைகளைப் பட்டியலிடுங்கள், முடியாததை முடியாது என்று சொல்லிப் பழகுங்கள் என்பார்கள். அவற்றில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் மகிழ்ச்சி அளவுக்கு மிஞ்சியதால்தான் மனிதர் களைத்துப் போகிறார்கள் என்று அந்த ஆலோசனைகள் எடுத்துக்கொள்கின்றன. வாவிக்கரையில் பலருடைய களைப்புக்குக் காரணம் அது இல்லை. பண்டிகை வரும் அதே கிழமையில் திவசமும் வருகிறது என்பதுதான் இங்குள்ள சிக்கல்.

நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளியை இன்னும் வயதானவர்கள் வயசுக் கணக்குக்குப் பயன்படுத்துகிறார்கள். “எழுபத்தெட்டுப் புயலுக்கு முந்திப் பிறந்தவன்” என்றால் போதும். 1987 ஜனவரி 28இல் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் நடந்த படுகொலை, பொங்கல் முடிந்து இரண்டு கிழமையில் வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. அடுத்த ஆண்டே, 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது புனித மரியாள் பேராலயத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஜனவரி வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பொங்கலைப் பள்ளிக்கூடக் கட்டடங்களில் இருந்த முகாம்களில் கழித்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. பண்டிகைக் காலம் என்று நாம் சொல்லும் கிழமைகளையும் அவற்றை ஒட்டிய நாட்களையும் மட்டும் எடுத்தாலே இவ்வளவு. மற்ற மாதங்களின் கணக்கு வேறு. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21, சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு கிழமையில், உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டவர்களில் பலர் ஞாயிறு மறைக்கல்விக்கு வந்த சிறுபிள்ளைகள்.

ஆகவே இங்கே ஒருவர் நத்தாருக்கு நட்சத்திரம் கட்டும்போது பக்கத்து வீட்டில் ஒருவர் படத்துக்கு மாலை வாங்கிக்கொண்டிருப்பார். சில வீடுகளில் இரண்டையும் ஒரே ஆள்தான் செய்கிறார். இவர்களுக்கு மனம் அமைதி பெற வழி சொல்ல வேண்டுமென்றால், எங்களிடம் ஏற்கெனவே இருந்த ஒரு வழக்கத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

செத்த வீட்டுக்கு ஒரு வருடம் பண்டிகை இல்லை. இதை யாரும் எழுதிவைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆண்டுத் திவசம் முடியும்வரை அந்த வீட்டில் பலகாரம் சுடமாட்டார்கள், புது உடுப்பு எடுக்கமாட்டார்கள், முற்றத்தில் பொங்கல் பானை ஏறாது. இந்த வழக்கத்தின் ஒரு பாதி இது. மறுபாதி என்னவென்றால், அந்த வீட்டுக்குப் பலகாரம் போயே ஆக வேண்டும். அயலில் முறுக்கும் அரியதரமும் சுட்டவள் ஒரு தட்டில் எடுத்து வாழையிலையால் மூடி முதலில் அங்கேதான் அனுப்புவாள். கொண்டுபோனவளுக்கும் வாங்குகிறவளுக்கும் நடக்கும் பேச்சும் எப்போதும் ஒரே மாதிரித்தான்.

“இந்த முறை எங்களுக்கு ஒண்டும் இல்ல கா.”

“ஓம் கா, தெரியும். புள்ளைகளுக்குக் குடுங்க.”

அவ்வளவுதான் பேச்சு. ஆறுதல் சொற்கள் இல்லை, புத்திமதி இல்லை, “நீங்கள் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும்” என்ற உபதேசம் இல்லை. துக்க வீட்டுக்கு ஒதுங்கியிருக்க அனுமதி இருக்கிறது. அந்த அனுமதிக்கு ஒரு முடிவுத் திகதியும் இருக்கிறது. ஒதுங்கியிருக்கும் வீட்டைத் தனித்துப் போகவிடாத கடமை அயலுக்கு இருக்கிறது. மனநல நிபுணர்கள் வருடக்கணக்கில் எழுதித் தீர்க்கும் விடயத்தை ஒரு பலகாரத் தட்டு செய்துவிட்டுப் போகிறது. முஸ்லிம் ஊர்களிலும் இதே அறிவு உண்டு. இறந்தவர் வீட்டில் அடுப்பெரிய விடாமல் அயலார் சமைத்துக் கொடுப்பது அவர்களுக்கு நபிவழி. தம் உறவினரான ஜஃபர் இறந்தபோது அவர் குடும்பத்துக்குச் சமைத்துக் கொடுங்கள் என்று நபிகள் சொன்னதைப் பள்ளிவாசலில் கேட்டே வளர்கிறார்கள்.

யப்பானில் இதற்கு ஒரு கடுதாசி வடிவம் இருக்கிறது. அங்கே புதுவருடத்துக்கு ஆளுக்காள் வாழ்த்து அட்டை அனுப்புவது பெரிய வழக்கம். வீட்டில் அந்த வருடம் சாவு நடந்திருந்தால், ஆண்டு முடிவதற்கு முன்னரே அக்குடும்பம் ஓர் அட்டையை உறவுக்கும் நட்புக்கும் அனுப்பிவிடும்: நாங்கள் துக்கத்தில் இருக்கிறோம், இம்முறை புத்தாண்டு வாழ்த்துக்கு எங்களை மன்னியுங்கள் என்று. பெறுகிறவர்களும் அவ்வீட்டுக்கு வாழ்த்து அனுப்பாமல் விடுவார்கள். யாரும் யாரையும் தர்மசங்கடத்தில் நிறுத்த வேண்டியதில்லை. வட்ஸ்அப்பில் ஒரே படத்தை நூறு பேருக்குத் தள்ளிவிட்டு, அந்த நூறில் போன மாதம் தகப்பனை எரித்தவரும் இருக்கிறார் என்பதை மறந்துபோகும் நமக்கு அந்த அட்டையைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கம் வர வேண்டும்.

ஆனால் எங்கள் வழக்கத்தில் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. சாவு ஒரு நேரத்தில் ஒரு வீட்டுக்குத்தான் வரும். மற்ற வீடுகள் அப்போது நல்லபடியாக இருக்கும். தட்டு கொண்டுபோக ஆள் இருக்கும். 2004 டிசம்பர் 26 காலை அந்த அனுமானத்தை உடைத்துப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, விடுமுறை, நத்தாருக்கு மறுநாள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் மெல்லிய நாக்காக நீண்டு கிடந்த நாவலடி ஏறத்தாழ முழுதாகவே அழிந்தது. டச்பாரில் நத்தார் இரவைப் பாட்டும் ஆட்டமுமாகக் கழித்துவிட்டுப் படுத்திருந்த பறங்கியர் குடும்பங்கள் பல எழும்பவே இல்லை. கல்லடியில் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் மணலில் இறங்கிச் சாய்ந்து நின்றது. மாவட்டத்தில் மாண்டவர்கள் 2,500க்கு மேல். அடுத்த பொங்கலுக்கு நாவலடியில் யார் யாருக்குத் தட்டு அனுப்புவது? எல்லா வீடும் செத்த வீடு. பல இடங்களில் வீடே இல்லை.

ஒரு வருடம் முடிந்ததும் துக்கம் முடிந்துவிடும் என்ற கணக்கும் அன்றோடு போனது. தன் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே காலையில் கொடுத்த தாய்க்குத் திவசம் முடிந்த அடுத்த நத்தாருக்குக் கேக் வெட்டுங்கள் என்று எந்த அயலவர் சொல்லத் துணிவார்? அதேநேரம் அவளைக் காலம் முழுக்க “சுனாமியில எல்லாரையும் குடுத்த மனுசி” என்று ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருப்பதும் கொடுமைதான். அரசு இந்த நாளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறது. காலை 9.25க்கு நாடு முழுவதும் மௌன அஞ்சலி. அது அரசின் வேலை. அரசால் அதற்கு மேல் முடியாது. மீதி நாளில் அந்தத் தாயை யார் என்ன செய்வது என்பது தெருவின் வேலை.

இன்னொரு கூட்டத்துக்கு அந்த ஒரு வருடமும் கிடைக்கவில்லை. காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்களைச் சொல்கிறேன். பிடித்துக்கொண்டு போனார்கள், கூட்டிக்கொண்டு போனார்கள், முகாமிலிருந்து பெயர் கூப்பிட்டு எடுத்தார்கள். 1990 செப்ரெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் திரும்பவில்லை. இறந்த நாள் தெரியாததால் திதி இல்லை, திதி இல்லாததால் திவசம் இல்லை, திவசம் இல்லாததால் துக்கம் தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழைப் பெறலாம் என்று ஆக்கினார்கள். வங்கிக்கும் காணி உறுதிக்கும் அது உதவலாம். பொங்கலுக்குப் பானை வைக்கலாமா, நெற்றியில் பொட்டு வைக்கலாமா என்ற கேள்விக்கு எந்தத் திணைக்களமும் சான்றிதழ் தருவதில்லை. வருடா வருடம் அந்த முடிவை அந்தப் பெண்ணே தனியாக எடுக்கிறாள். எடுத்ததும், எதை எடுத்தாலும், ஊர் ஒரு சொல் சொல்கிறது. பொங்கினால் “மறந்திட்டாள்.” பொங்காவிட்டால் “இன்னும் எத்தனை வருசத்துக்கு?”

இந்தச் சொல்லைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். பண்டிகைக் காலத்தின் அமைதி பற்றி நான் சொல்ல வந்ததில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்.

துக்கத்தை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பண்டிகை செய்கிற வழக்கம் இந்த மண்ணில் ஒருபோதும் இருந்ததில்லை. மட்டக்களப்பின் சொந்தத் திருவிழாக்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்தாலே இது விளங்கும். வைகாசியில் வரும் கண்ணகியம்மன் சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், ஆரையம்பதி என்று வாவியின் இரு கரையிலும் கடலோரத்திலும் நடக்கிற சடங்கு அது. பல கோயில்களில் வருடம் முழுக்கக் கதவு பூட்டியே கிடக்கும், சடங்குக்குத்தான் திறப்பார்கள். உள்ளே இருப்பவள் யார்? புருசனை அநியாயமாகப் பறிகொடுத்து, அரசனிடம் வழக்குரைத்து, ஊரை எரித்தவள். அவளுடைய வழக்குக் கதையைத்தான் ஊர் கூடிப் படிக்கிறது. வி.சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த ‘கண்ணகி வழக்குரை’ அந்தக் கோயில்களில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டு வந்த ஏடுதான். ஒரு கைம்பெண்ணின் கோபத்தை ஒரு கிழமை உட்கார்ந்து கேட்டுவிட்டு, கடைசி நாளில் அந்தச் சூட்டைத் தணிக்கிறார்கள். குளிர்த்தி பாடி, தீர்த்தம் தெளித்து, சனமெல்லாம் அதை வாங்கிக் குடித்த பிறகுதான் சடங்கு முடிகிறது. மற்ற ஊர்களில் திருவிழா வாணவேடிக்கையோடு உச்சத்துக்குப் போய் நிற்கும். இங்கே ஆறவைத்து முடிக்கிறார்கள். கதையைப் படிக்காமல், கோபத்தைக் கேட்காமல், நேரே குளிர்த்திக்குப் போக முடியாது என்பதையும் கவனியுங்கள்.

இதன் பலத்தை யுத்த காலம் சோதித்துப் பார்த்தது. அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் 1990களில் மட்டக்களப்பில் தங்கி ஆய்வு செய்தார். காணாமல் போனவனைப் பற்றி வாய் திறந்து பேசுவதே ஆபத்தாக இருந்த நாட்கள் அவை. அம்மன் கோயில்களில் உருவந்து வாக்குச் சொல்பவர்களிடம் தாய்மார் போய், “என்ட புள்ள உசிரோட இருக்கானா?” என்று கேட்டதை அவர் பதிவு செய்தார். முறைப்பாடு எழுத அஞ்சிய பெண்கள் அம்மனுக்கு முன்னால் ஊர் பார்க்கக் கதறினார்கள். நேர்த்தியும் தீமிதிப்பும் அந்த வருடங்களில் பெருகின. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பழமைவாதமாகத் தெரிந்திருக்கலாம். உள்ளே இருந்தவர்களுக்குத் திருவிழா என்பது அழ அனுமதி கிடைத்த ஒரே பொது இடம். பறையொலிக்கும் குலவைச் சத்தத்துக்கும் நடுவில் அவர்கள் பெற்ற தணிவை அமைதி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அங்கே சத்தம் குறைவாக இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள்.

சத்தத்தைப் பற்றிச் சொன்னதால் ஒலிபெருக்கியையும் தொட்டுவிட வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. திருவெம்பாவைக் காலத்தில் விடிய நாலு மணிக்கே எத்தனை கோயிலில் குழாய் அலறுகிறது என்பதை அந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் கேட்க நேர்ந்தால் என்ன நினைப்பார்களோ. நத்தார்க் கொட்டகையும் புதுவருட இசைநிகழ்ச்சியும் பள்ளிவாசலும் இதில் ஒன்றுக்கொன்று இளைத்தவை இல்லை. இன ஐக்கியம் எங்களிடம் குறையே இல்லாமல் இருக்கிற ஒரே துறை இதுதான். சங்கும் சேமக்கலமுமாக ஐந்தாறு பேர் மழைக்குக் குடை பிடித்தபடி தெருவால் பாடிப் போன திருவெம்பாவை எங்கள் ஊர்களில் உண்டு. அது படுத்திருப்பவரை எழுப்பியதே தவிரத் திடுக்கிட வைக்கவில்லை. பெருங்கதை விரத காலத்தில் கோயில் மண்டபத்தில் ஒருவர் கதை படிக்க மற்றவர் பயன் சொல்ல, இருபத்தொரு நாளும் மாலை வேளைகளில் கிழவிகள் கால் நீட்டி அமர்ந்து கேட்பதும் இன்னும் சில இடங்களில் நடக்கிறது. காசு செலவில்லாத, யாரும் யாரையும் அளந்து பார்க்காத கூட்டம். இந்த மாதத்தில் மனம் ஆற ஓரிடம் தேடுகிறவர்களுக்கு நான் அந்த மண்டபத்தைத்தான் காட்டுவேன்.

காசைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். பண்டிகைக் காலத்தில் வீட்டு மனிதர் ஒருவர் மீது ஒருவர் எரிந்து விழுவதற்குப் பாதிக் காரணம் அடகுக் கடைச் சீட்டு. 2022 செப்ரெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதமாகவும் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாகவும் ஏறியது. அந்த வருடம் கரைந்த சேமிப்பும் விற்ற தோடும் பல குடும்பங்களுக்கு இன்னும் திரும்பி வரவில்லை. அதற்கு முன்னரே நுண்கடன் கம்பனிகளிடம் சிக்கிய பெண்கள் இங்கே ஏராளம். வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசே முன்வர வேண்டியதாயிற்று என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். கிழமைக்குக் கிழமை தவணைக்காரன் வாசலில் வந்து நிற்கும் வீட்டில் பிள்ளைக்குப் புதுச் சட்டை எடுக்க இன்னொரு கடன். ஜனவரியில் தவணை தொடங்கக் கொப்பி, சப்பாத்து, சீருடை. வெளிநாட்டுக் காசு வருகிற வீடு தெருவில் ஒன்றிருந்தால் போதும், மற்றப் பத்து வீட்டுக்கும் அதுவே அளவுகோல் ஆகிவிடும். அங்கே மரத்துக்கு மின்விளக்குச் சுற்றினால் இங்கேயும் சுற்ற வேண்டும்.

புலம்பெயர்ந்த பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறவனுக்கு ஊரில் ஒரு நல்ல நாளைக் கண்ணால் பார்க்க ஆசை இருக்கும். அவன் அங்கே குளிரில் இரண்டு வேலை செய்து அனுப்பியதும் அதற்காகத்தான். ஆனால் அவன் விட்டுப் போன ஊரின் கொண்டாட்டத்தை இன்றைக்கு இருக்கும் ஊரிடம் கேட்கிறான். அம்மாவுக்கோ, அவன் வந்திருக்கும்போது முகத்தைச் சுருக்கக் கூடாது என்ற கவலை. டிசம்பர் 26 காலை அவள் தனியாகக் கடற்கரைக்குப் போய் வர நினைத்தாலும், மகன் பாசிக்குடாவுக்கு வான் பிடித்து வைத்திருப்பான். இருவரில் யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் தீர்ந்துவிடக் கூடிய சங்கடம் அது. “அம்மா, நீங்க போய்ட்டு வாங்க, நாங்க பின்னேரம் போவம்” என்று மகன் சொல்லலாம். “மனே, இண்டைக்கு என்னை விடு” என்று அவளும் சொல்லலாம். பெரும்பாலும் இரண்டுமே சொல்லப்படுவதில்லை.

இப்படிக் கொண்டாட மனமில்லாமல் இருப்பவர்களுக்குக் கிறிஸ்தவ சபைகள் ஒரு வழி கண்டிருக்கின்றன. வட அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல தேவாலயங்கள் டிசம்பர் 21 அளவில், அங்கே இரவு மிக நீண்டிருக்கும் நாளில், இழப்புக் கண்டவர்களுக்கென்று தனி வழிபாடு வைக்கின்றன. உற்சாகப் பாட்டு இல்லை. மெழுகுதிரி, வாசகம், பேசாமல் இருக்க நேரம். நத்தாரைக் கொண்டாட மனமில்லாதவர் கோயிலுக்கு வரக் கூச்சப்பட வேண்டாம் என்று சொல்லும் ஏற்பாடு. நள்ளிரவுத் திருப்பலிக்குள் துப்பாக்கி வந்த ஊருக்கு, பாஸ்கு ஞாயிறில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊருக்கு, இப்படி ஒரு மாலை மற்ற எந்த ஊரையும்விடப் பொருந்தும். அதில் இந்துவும் முஸ்லிமும் வந்து பின்வாங்கிலில் உட்கார்ந்தாலும் யாரும் ஏனென்று கேட்கப் போவதில்லை. கேட்காத அளவுக்கு இந்த ஊர் ஒருவர் செத்த வீட்டுக்கு ஒருவர் போய்ப் பழகியிருக்கிறது.

பண்டிகைக்குள் துக்கத்துக்கு இடம்விட வேண்டும் என்பதற்கு மறுபேச்சும் உண்டு, அது பலமானதும்கூட. யூதர்களின் சமயச் சட்டத்தில், அடக்கம் முடிந்து ஏழு நாள் துக்கம் காத்துக்கொண்டிருக்கும்போது பெருநாள் வந்துவிட்டால் துக்கம் அத்தோடு முடிந்தது. மீதி நாட்கள் தள்ளுபடி. ஒரு வீட்டின் கண்ணீரைவிட ஊர் முழுதும் சேர்ந்து மகிழும் நாள் பெரியது என்பது அவர்கள் எடுத்த முடிவு. அவர்களும் துன்பத்தை அறியாத சமூகமில்லை. எங்களிலும் அப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனை வருடத்துக்கு இழவு கொண்டாடுவது, பிள்ளைகள் எப்போது சிரிப்பது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2004க்குப் பிறகு பிறந்தவர்களே இப்போது வாக்காளர் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு 26ஆம் திகதி மட்டும் தெரிந்து 25ஆம் திகதியும் 31ஆம் திகதியும் தெரியாமல் போனால் அதுவும் ஒரு இழப்புத்தான்.

என்றாலும் அந்தச் சட்டம் ஒரு ஏழு நாள் துக்கத்தைப் பற்றியது. அடக்கம் செய்ய உடல் இருந்தவர்களைப் பற்றியது. எங்கள் பழைய வழக்கமோ பிள்ளைகளை மறக்கவே இல்லை. தட்டு யாருக்குப் போனது என்று மேலே பார்த்தோம். “புள்ளைகளுக்குக் குடுங்க.” பெரியவர்கள் துக்கம் காக்கும் வீட்டிலும் பிள்ளையின் வாயில் இனிப்புப் பட வேண்டும், அதைச் சுடும் பாரம் அந்த வீட்டின் தலையில் விழக் கூடாது. இரண்டையும் ஒரே தட்டில் தீர்த்தவர்கள் படிக்காத கிழவிகள். இன்றைக்கு அதைக் கொஞ்சம் அகட்டினால் போதும். ஒரு வருடம் என்ற எல்லையைத் தளர்த்தி, கேட்கிற வீட்டுக்கு எத்தனை வருடமானாலும் அந்த அனுமதியைக் கொடுக்கலாம். இறப்புச் சான்றிதழ் இல்லாத வீட்டையும் அதற்குள் சேர்க்கலாம். திரும்பவும் பொங்கத் தொடங்குகிற பெண்ணிடம் காரணம் கேட்காமல் பானைக்கு ஒரு பிடி அரிசி போட்டுவிட்டு வரலாம். கடன்பட்ட வீட்டுக்கும் இதே சலுகை வேண்டும்: “இந்த முறை நாங்க ஒண்டும் செய்யல்ல” என்று ஒரு குடும்பம் சொன்னால், அது துக்கமா வறுமையா களைப்பா என்று தோண்டாமல் விட்டுவிட வேண்டும்.

கோயில் பரிபாலன சபைகளும் பங்குச் சபைகளும் விளையாட்டுக் கழகங்களும் கையில் எடுக்கக் கூடிய சின்னக் காரியம் ஒன்று இருக்கிறது. டிசம்பர் 26 காலை முதல் மதியம்வரை கடலோர எழுவான்கரையில் எந்த ஒலிபெருக்கியும் வேண்டாம். நாவலடிக்கும் டச்பாருக்கும் திருச்செந்தூர் முருகன் கோயிலடிக்கும் போகிறவர்கள் தங்கள் பாட்டுக்குப் போய் வரட்டும். கரப்பந்தாட்டப் போட்டியையும் பரிசளிப்பையும் பின்னேரத்துக்கு மாற்றினால் வெற்றிக்கிண்ணம் ஒன்றும் துருப்பிடிக்காது. இதற்குச் சுற்றறிக்கையோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை.

இப்படியெல்லாம் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்று நகரத்துக் கடைக்காரர் ஒருவர் கேட்டார். வருடத்தில் அவர்களுக்கு நாலு காசு கிடைப்பது இந்தக் கிழமைகளில்தான், அதையும் வெள்ளம் பாதி தின்றுவிடுகிறது என்பது உண்மை. துணி வியாபாரத்துக்கு என்னிடம் பதிலில்லை. ஆனால் மாவும் சீனியும் தேங்காய் எண்ணெயும் விற்பவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. சுடாத வீட்டுக்கும் சேர்த்து அயல்வீடு சுடுவதென்றால், அதற்கான மா அவர்களுடைய கடையில் இருந்துதானே போக வேண்டும்.